எண்பதில் ஊதும் குழாய்

ஈப்போவில் ஒரு சனிக்கிழமை காலை சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரரின் தலைக்கவசக் கண்ணாடியில் எங்கள் வண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் உரசியது. குழாய்களை ஏற்ற வண்டியின் மேல் ரேக் கட்டும் யோசனை அங்கேதான் தொடங்கியது.

என் கணவர் பிளம்பர். பல வருடம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். அது மூடப்பட்ட பிறகு பின்னால் சாமான் ஏற்றும் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, வீட்டுக் குழாய் வேலை, கூரையில் தண்ணீர்த் தொட்டி ஏற்றும் வேலை என்று இறங்கினார். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று பத்தொன்பது அடி. பிக்கப்பின் பின்தொட்டி ஐந்தடி. மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்துப்போகலாம்தான். ஆனால் வெட்டினால் இணைப்பு கூடும், இணைப்பு கூடினால் ஒழுகும் இடமும் கூடும் என்பார். அதனால் நுனியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தார்.

அன்று யாருக்கும் அடிபடவில்லை. அந்த மலாய்க்காரர் கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்து, பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு, விளக்கு பச்சையானதும் போய்விட்டார். என் கணவர் மட்டும் சிறிது தூரம் போய் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். கண்ணாடி இல்லாத தலைக்கவசம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. பகல் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, "மேல ரேக் போட்டுறணும்" என்றார்.

கடைகளில் தேடினோம். எங்கள் வண்டியின் வயதுக்குப் பொருந்திய ரேக் ஒன்றே ஒன்று இருந்தது. முகாம் போகிறவர்கள் கூடாரப் பையைப் போட்டுக்கொள்ளும் கூடை மாதிரி ஒன்று, நாலடி நீளம். அதன் மேல் பத்தொன்பது அடிக் குழாயை வைத்தால் இரண்டு பக்கமும் தொங்கும். ஆக, நாமே செய்வதென்று முடிவாயிற்று.

'நாமே' என்றால் அதில் நானும் உண்டா என்பது முதலில் தெளிவாக இல்லை. நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆய்வகத்தின் உதவியாளர். என் அப்பா அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் சுவரில் ஆணி அடிக்கவேண்டும் என்றாலும் ஆளைக் கூப்பிடுவார்கள். கணவர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டில் மண்வெட்டிப் பிடி முதல் சைக்கிள் வரை எல்லாவற்றையும் தாங்களே பழுது பார்ப்பார்கள். அதனால் கையால் செய்யும் வேலை அவருடையது, தாளில் எழுதும் வேலை என்னுடையது என்று நாங்கள் பேசாமலேயே பிரித்து வைத்திருந்தோம். நான் சதுரக் கோடு போட்ட தாளில் பிக்கப்பை அளந்து வரைந்தேன். அவர் அதைப் பார்க்காமல், மிச்சம் கிடந்த பிளாஸ்டிக் குழாய்களை வெட்டி, பசை போடாமல் செருகி, முழு அளவில் ஒரு மாதிரி ரேக்கை வண்டியின் மேல் நிறுத்திவிட்டார். வெள்ளை எலும்புக்கூடு ஒன்று வண்டிமேல் குந்தியிருப்பதுபோல் இருந்தது. எதிர்வீட்டு மாது துணி காயப்போட வந்தவர் கொடியையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய திட்டம் எளிமையானது. நாலு கால் பின்தொட்டியின் விளிம்பில் நிற்கும், இரண்டு கால் முன்னால் ஆட்கள் உட்காரும் அறையின் கூரைமேல் நிற்கும். "ஆறு கால்லா, யானை மாதிரி நிக்கும்" என்றார். யானைக்கு நாலு கால்தான் என்று நான் திருத்தவில்லை.

மாதிரியைச் சோதிக்க எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றி ஒரு நடை ஓட்டினார். நான் பின்தொட்டியில் உட்கார்ந்து காலொன்றைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டு வாசலில் ஏறும் இடத்தில் சிமெண்ட் மேடு ஒன்று உண்டு. ஒரு பக்கச் சக்கரம் அதில் ஏறியபோது, முன் கூரைமேல் நின்ற கால் ஒரு விரல் உயரம் எழும்பி, மறுபடி உட்கார்ந்தது. நான் பின்தொட்டியில் அசையாமல் இருந்தேன். முன்னறை மட்டும் எனக்கு முன்னால் தலையாட்டியதுபோல் இருந்தது.

கணவரிடம் சொன்னேன். பிளாஸ்டிக் வளையும், இரும்பு போட்டால் வளையாது என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. வளைந்தது குழாய் என்றால் அது நடுவில் வளைந்திருக்கவேண்டும். நான் பார்த்தது, முன்னறைக்கும் பின்தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடிக் குறைந்ததை.

திங்கட்கிழமை பள்ளியில் மாணவர்கள் உருவம் செய்துவிட்டுப் போட்டுப்போன களிமண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துவந்தேன். காயாமல் மெத்தென்றிருக்கும் வண்ணக் களிமண். பச்சை நிறத்தில் நாலு உருண்டை பிடித்து, அந்த இடைவெளியில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அப்பிவைத்தேன். வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போய்வரச் சொன்னேன். சாயங்காலம் அவர் திரும்பியதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய்ப் பார்த்தேன். மேலே வைத்த உருண்டைகள் பப்படம்போலத் தட்டையாகியிருந்தன. கீழே வைத்தவை அவ்வளவு நசுங்கவில்லை. அளவுகோலை வைத்து அளந்து தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். முன்னறையும் பின்தொட்டியும் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. அடியில் ஓடும் நீண்ட இரும்புச் சட்டத்தின்மேல் இரண்டும் தனித்தனியாக, ரப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கின்றன. மேடுபள்ளத்தில் அந்தச் சட்டம் முறுகும்போது இரண்டும் வேறு வேறு பக்கம் சாயும். இரண்டின்மேலும் காலை ஊன்றி இரும்பு ரேக்கைக் கட்டியிருந்தால், ஆறு மாதத்தில் கூரையோ ரேக்கோ விரிசல் கண்டிருக்கும்.

"எனக்குத் தெரிஞ்சதுதான் இது" என்றார் அடியிலிருந்து. டார்ச்சை அணைத்துவிட்டு, "ஆனா யோசிக்கல" என்றார்.

அந்த வாரம் என் சதுரத்தாள் சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடந்தது. நாலு காலும் பின்தொட்டியில்தான். அங்கிருந்து இரண்டு நீளக் குழாய்கள் முன்னறைக்கு மேல் எதையும் தொடாமல் நீண்டுபோகும். கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் என் உள்ளங்கை செங்குத்தாக நுழையும் அளவு இடைவெளி. களிமண் சொன்ன கணக்கைவிட இரண்டு மடங்கு. மேலே நாலு குறுக்குக் கம்பிகள்.

இரும்புக்காகச் செமோர் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். தவுக்கே என்று எல்லாரும் அழைக்கும் சீன முதலாளி ஒருவர் நடத்துவது. என் கணவருக்குப் பல வருடப் பழக்கம். துவைக்கும் இயந்திரங்கள், நாற்காலிக் கால்கள், சவர்க்காரப் பீப்பாய்கள் எல்லாம் மலையாகக் கிடந்தன. கணவர் நீளக் குழாய்களைப் பொறுக்கிக்கொண்டிருக்க, நான் சும்மா நடந்துபோனதில் ஓரமாகச் சாத்தியிருந்த இரண்டு குழாய்களைக் கண்டேன். துத்தநாகம் பூசிய இரும்பு, ஒன்றரை அங்குல விட்டம், தடித்த சுவர். ஒரு பக்கத்தில் மட்டும், நுனியிலிருந்து நுனிவரை ஒரே நேர்க்கோட்டில், சின்னச் சின்னத் துளைகள். பென்சில் முனை நுழையும் அளவு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து அளந்தேன். பத்துத் துளைகளை அளந்தும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. யாரோ அக்கறையாகச் செய்த வேலை.

இது என்னவாக இருந்தது என்று தவுக்கேயிடம் மலாயில் கேட்டேன். "தாக் தாவுலா, பாராங் லாமா" என்றார். தெரியாது, பழைய சாமான், அவ்வளவுதான். கார், வேன் என்று காடி கழுவும் கடையில் இருந்ததாக இருக்கலாம், கோழிப்பண்ணையில் இருந்ததாக இருக்கலாம் என்று அவரே இரண்டு யோசனையும் சொன்னார். கணவர் வந்து குழாயைத் தூக்கிப் பார்த்து, கனம் பிடித்துப்போய், குறுக்குக் கம்பிக்கு இதுதான் என்றார். துளைகள் இருக்கின்றனவே என்றேன்.

"ஓட்டைய கீழ பாத்து வச்சா உள்ள போற மழைத்தண்ணி தானா வடிஞ்சிரும். நல்லதுதான்" என்றார்.

பற்றவைப்பதை அவரே செய்தார். நண்பர் ஒருவரிடம் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்து, வீட்டு முன் காடி நிறுத்தும் இடத்தில் நாள் முழுக்க வேலை. முதல் நாள் சாயங்காலம் அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காய்ச்சல், வாயில் இனிப்பும் கசப்புமாக ஒரு சுவை, நெஞ்சில் இறுக்கம். வெயில் பட்டுவிட்டது என்று போர்த்திக்கொண்டு படுத்தார். நான் வெளியே போய்ப் பார்த்தேன். பற்றவைத்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டேன், பஞ்சுபோல் இருந்தது. ஆய்வகத்தில் துத்தநாகத்தை எரிக்கும்போது வரும் அதே வெள்ளை. குழாயில் பூசியிருந்த துத்தநாகம் சூட்டில் புகையாகி, அதைத்தான் அவர் காலையிலிருந்து மூச்சில் இழுத்திருக்கிறார்.

கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, ஓரிரு நாளில் சரியாகிவிடும், மறுபடி அந்தப் புகைக்கு முன்னால் போகாதீர்கள் என்றார். திரும்பி வரும் வழியில் எனக்குக் கோபம். அவர்மேல் பாதி, என்மேல் பாதி. அந்தப் பூச்சு என்னவென்று கடையில் பார்த்தவுடனே எனக்குத் தெரியும். அதை எரித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். களிமண்ணை அளந்து பெருமைப்பட்டுக்கொண்டவள் இதை வாய் திறந்து சொல்லவில்லை. பற்றவைப்பது அவர் வேலை என்று விட்டுவிட்டேன்.

அதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "நீயும் யோசிக்கலல்ல" என்றார். மூன்று நாள் கழித்து இருவருமாக உட்கார்ந்து, பற்றவைக்கவேண்டிய இடங்களிலெல்லாம் பூச்சைத் தேய்த்து எடுத்தோம். நல்ல முகமூடி வாங்கினோம், மின்விசிறியை முதுகுப் பக்கம் வைத்தோம். எங்கள் வேலைப் பிரிவினை அந்த வாரத்தோடு கலைந்துபோனது என்று நினைக்கிறேன். கடைசி இரண்டு மூட்டுகளை நான்தான் பற்றவைத்தேன். அழகாக இல்லை, புழு நெளிந்ததுபோல் இருக்கிறது. ஆனால் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் பயணம் ஆயர் தாவாருக்கு. அங்கே, அக்கா என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு வாடிக்கையாளரின் வீட்டில் தண்ணீர்த் தொட்டியை மாற்றும் வேலை. பள்ளி விடுமுறை என்பதால் நானும் ஏறிக்கொண்டேன். மேலே குழாய்களும் ஏணியும் அசையாமல் இருந்தன. டவுனைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. சாலை திறந்து வேகம் எண்பதைத் தொட்டபோது, தலைக்கு மேல் ஒரு சத்தம் எழுந்தது. காலிப் போத்தலின் வாயில் ஊதினால் வருமே, அப்படி ஓர் ஊதல். அதற்கு அடியில் இன்னும் தாழ்வாக ஒரு ரீங்காரம்.

கணவரின் முகம் மாறிவிட்டது. சக்கரத்துப் பேரிங் போய்விட்டது என்றார். வேகத்தைக் குறைத்தார், சத்தம் நின்றது. கூட்டினார், வந்தது. ஓரங்கட்டி இறங்கி நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். எந்தச் சக்கரமும் சுடவில்லை. நான் மேலே பார்த்தேன். முன் குறுக்குக் கம்பியின் துளைகள் வரிசையாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

"பேரிங் இல்லங்க. அந்த ஓட்டைக் குழாய்தான்."

"புல்லாங்குழலா அது?"

"அதுவும் ஓட்டை போட்ட குழாய்தானே."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கோ ஆயர் தாவார் வரைக்கும் பொழுது போனதே தெரியவில்லை. எழுபத்தெட்டில் தொடங்குகிறது, தொண்ணூறில் கூர்மையாகிறது, லோரியின் பின்னால் போனால் அடங்குகிறது என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டே வந்தேன்.

அந்த அக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மகன் குடும்பத்தோடு சித்தியவானில் இருக்க, இவர் தனியாக இருந்தார். வலது காது அவ்வளவாகக் கேட்காது என்று சொல்லி, இடது பக்கம் வந்து பேசச் சொன்னார். கணவர் ஏணியை இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் வண்டியருகே வந்து நின்றார். முதலில் சும்மா வேடிக்கை பார்ப்பதாக நினைத்தேன். பிறகு பார்த்தால், கையை உயர்த்தி, முன் கம்பியின் துளையொன்றில் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த துளை, அதற்கடுத்த துளை. பிறகு இரண்டு விரலைச் சேர்த்து இரண்டு துளைக்கு நடுவில் வைத்தார். சரியாகப் பொருந்தியது.

"இத எங்க எடுத்தீங்க?" என்று கேட்டார்.

செமோரில் பழைய இரும்புக் கடையில் என்றேன். என்னவென்று தெரியுமா என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினேழு வருடம் தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை பார்த்தவர். மரத்திலும் கோப்பையிலும் காய்ந்துபோன ஒட்டுப்பாலைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதில் மரப்பட்டையும் மண்ணும் ஒட்டியிருக்கும். இரண்டு பெரிய இரும்பு உருளைகளுக்கு நடுவில் அதைக் கொடுத்தால் நசுங்கி நீளமாகக் கீழே வரும். அப்போது அழுக்கு போவதற்காக, உருளைகளுக்கு மேலே இப்படியொரு துளைக்குழாயிலிருந்து தண்ணீர் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கும்.

"பட்டைத் தூளு போய் அடைச்சிக்கும். குடைக்கம்பி ஒன்னு இடுப்புல சொருகி வச்சிருப்போம். குத்திவிட்டுக்கிட்டே இருக்கணும். இல்லன்னா கங்காணி சத்தம் போடுவாரு. போட்டாலும் காதுல விழாது. ரோலர் சத்தம் அப்படி."

நாள் முழுக்க ஈரத்தில் நின்று விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும் என்றார். ஆலை மூடியபோது வருத்தமாக இருந்ததா என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை கிடைத்தது, அங்கே உட்கார நாற்காலி இருந்தது என்றார்.

நான் இந்த வண்டியின் ஊதலைப்பற்றிச் சொன்னேன். எண்பதுக்கு மேல் போனால் இந்தக் குழாய் சத்தம் போடுகிறது என்றதும், அவர் இடது காதை என் பக்கம் திருப்பி, என்ன சத்தம் என்று கேட்டார். நான் ஊதிக் காட்டினேன். அவர் சிரித்தார். கணவர் கூரையிலிருந்து கூப்பிட, பேச்சு அங்கே நின்றது.

திரும்பும் வழியில் நான் சோதனையைத் தொடங்கிவிட்டேன். கணவர் குழாய் மூட்டுகளில் சுற்றும் கறுப்பு ரப்பர் நாடாவால் காற்று நேராக மோதும் முன் கம்பியின் துளைகளையெல்லாம் மூடினோம். எண்பதைத் தொட்டோம். ஊதல் இல்லை. கணவர் என்னைப் பார்த்து, ஒப்புக்கொள்வதுபோலத் தலையசைத்தார். ஆனால் அந்தத் தாழ்ந்த ரீங்காரம் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் இப்போதுதான் அது தெளிவாகக் கேட்டது. ஆக, சத்தம் இரண்டு. ஒன்று துளைகளுடையது. மற்றொன்று எதனுடையது?

இரண்டு வாரம் இதே யோசனை. கம்பியின் இரண்டு வாயையும் மூடிப் பார்த்தோம், குறையவில்லை. மேலே குழாய்களைக் கட்டியும் கட்டாமலும் ஓட்டிப் பார்த்தோம். கட்டியிருந்தால் கொஞ்சம் குறைகிறது. ஏன் குறைகிறது என்று தெரியவில்லை. கணவர் பொறுமை இழந்து, வானொலியைச் சத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பதில் ஒரு பேரங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் கிடைத்தது. சாமான் பைகளோடு கணவருக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பழைய காடி. அதன் வானொலிக் கம்பியைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள், அதில் மெல்லிய கம்பியொன்று அடியிலிருந்து நுனிவரை கொடிபோலச் சுற்றிப் படர்ந்திருப்பதைக் கவனித்தேன். அழகுக்காக என்றால் யார் அதைப் பார்க்கப்போகிறார்கள்? நிறுத்துமிடம் முழுக்க நடந்தேன். அப்படிப்பட்ட கம்பி வைத்த காடிகள் ஏழெட்டு இருந்தன, பெரும்பாலானவற்றில் அந்தச் சுற்று இருந்தது. ஒரு பாதுகாவலர் என்னைச் சந்தேகமாகப் பின்தொடர ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடியபோதுதான் புரிந்தது. உருண்டைக் கம்பியின்மேல் காற்று மோதும்போது, அதன் பின்னால் ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே என்று மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகின்றன. அவை ஒரே தாளத்தில் கழலும்போது கம்பி ரீங்காரமிடுகிறது. கம்பியைச் சுற்றி ஏதாவது சாய்வாகப் படர்ந்திருந்தால், சுழல்கள் ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு நேரத்தில் கழன்று, தாளம் கெட்டுப்போகிறது. குழாய்களைக் கட்டினால் சத்தம் குறைந்ததும் அதனால்தான் போலும்.

கணவரிடம் இதை விளக்கினேன். அவர் பாதியில் எழுந்துபோனார். பிடிக்கவில்லை என்று நினைத்தேன். நைலான் கயிற்றோடு திரும்பி வந்தார். முன் கம்பியில் ஒரு கை அகலத்துக்கு ஒரு சுற்றாக, சாய்வாக, நுனிவரை சுற்றி முடிச்சுப் போட்டார். அப்போதே நெடுஞ்சாலைக்குப் போனோம். எண்பது, தொண்ணூறு, நூறு. டயர்ச் சத்தமும் காற்றுச் சத்தமும் மட்டும். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒன்றும் கேட்காததைக் கேட்க.

"கயிறு" என்றார் அவர். "வெறும் கயிறு."

ஒரு மாதம் கழித்து, அந்த அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. புதிய தொட்டியின் மூடியை ஒருமுறை சரிபார்க்கவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை போனோம். மூடியில் பெரிதாகப் பிழை ஒன்றும் இல்லை. கணவர் இறங்கி வந்ததும், அக்கா தேநீரை நீட்டியபடி, எங்களைக் கூப்பிட்ட உண்மையான காரணத்தைச் சொன்னார்.

"தம்பி, அந்தச் சத்தத்த ஒரு தடவ கேக்கணும்லா."

கணவர் என்னைப் பார்த்தார். சத்தத்தை ஒழிக்க நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, வண்டியின் மேல் ஏறி, முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டி எடுத்தார். கறுப்பு நாடாவைக் கத்தியால் கீறி உரித்தார். வெயிலில் அது ஒட்டிப்போயிருந்ததால் நேரம் பிடித்தது. அக்கா உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார்.

அவரை முன்னால் உட்காரவைத்து, நான் பின்னிருக்கையில் உட்கார்ந்தேன். சித்தியவான் பக்கம் போகும் சாலையில் இரு மருங்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். எண்பதைத் தொட்டதும் அது எழுந்தது, முதல் நாள் கேட்ட அதே ஊதல், அதே ரீங்காரம். அக்கா தலையைச் சாய்த்தார். இடது காதை மேலே திருப்பினார். கண்ணைச் சுருக்கினார். கேட்கிறதா என்று நான் சத்தமாகக் கேட்டேன். கொஞ்சம் கேட்கிற மாதிரி இருக்கிறது, காற்றா அதுவா என்று தெரியவில்லை என்றார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

பிறகு கையைத் தூக்கி, தலைக்கு மேலே காடிக் கூரையில் உள்ளங்கையைப் பதித்தார். எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

"கையில தெரியுது" என்றார். "ரோலர் ஓடுறப்ப தண்ணி வருதா, அடைச்சிருக்கான்னு இப்படித்தான் குழாயத் தொட்டுப் பாப்போம். சத்தம் காதுக்கு வராது. கைக்கு வரும்."

நானும் கையைக் கூரையில் வைத்தேன். மெல்லிய அதிர்வு, பூனை முதுகில் கை வைத்ததுபோல. ரேக் கூரையைத் தொடவில்லை. என் உள்ளங்கை நுழையும் இடைவெளி இருக்கிறது. காற்றே அதிர்ந்து கூரையை அதிரவைக்கிறதா, இல்லை கால்கள் வழியாக இறங்கி, சட்டத்தின் வழியாக ஏறி வருகிறதா? கேட்க நினைத்தேன். கணவர் தொண்ணூறுக்கு ஏற்றினார். அக்கா கையை எடுக்கவில்லை.

ஒரு வளைவுக்கு முன்னால் வேகம் குறைந்ததும், "போதும் தம்பி, திருப்பிருங்க" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் கேண்டீனில் பரிமாறிய கதைகளையும், பேரப்பிள்ளைகளையும் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். வீட்டில் இறங்கும்போது, கயிற்றை மறக்காமல் கட்டிவிடச் சொன்னார், அந்தச் சத்தத்தோடு ஈப்போ வரைக்கும் போனால் தலைவலி வரும் என்று.

அதற்குப் பிறகு ஒருநாள் நான் மட்டும் செமோருக்குப் போய், அந்தக் குழாய் எங்கிருந்து வந்ததென்று தவுக்கேயிடம் மறுபடி கேட்டேன். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. இடித்த கட்டடங்களின் சாமான்கள் பல இடங்களிலிருந்து லோரியில் கலந்து வரும் என்றார். அது ரப்பர் ஆலைக் குழாய்தான் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு விரல் இடைவெளியில் துளை போட வேறு யாருக்கும் காரணம் இருந்திருக்காது என்று சொல்ல முடியாது.

ரேக் இப்போதும் நிற்கிறது. நைலான் கயிறு வெயிலில் பொடிந்துபோய் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. கணவரின் நண்பர் ஒருவர் அதேபோல் ஒன்று தன் வண்டிக்கு வேண்டுமென்று வந்தபோது, வரைபடத்துக்கு என்னைக் கேட்கும்படி கணவர் சொல்லியிருக்கிறார். புகை விஷயத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தாளைக் கொடுத்தேன்.

போன வாரம் கனத்த மழையில் கம்பார் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம். கயிறு இருக்கிறது, நாடா இருக்கிறது. வேகம் எழுபதுகூட இல்லை. தலைக்கு மேல் புதிதாக ஒரு சத்தம், இதுவரை கேட்காதது, விட்டு விட்டு வந்தது. நான் வாயைத் திறக்கும் முன் கணவர் வானொலியை நிறுத்திவிட்டு, "ஈரக் கயிறா இருக்குமா?" என்றார். பையில் பேனாவைத் தேடினேன்.